சிறுபோகக் கூட்டத்தில் நான் சொன்ன பொய்

எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு மனிதரைத் தெரியாதென்று ஊர்க்கூட்டத்தில் சொன்னேன். என் வயலில் அவருக்கு ஒரு பங்கு போய்விடக்கூடாது என்பதற்காகச் சொன்னேன். வாய் தவறிச் சொன்னதாக இதுவரை இரண்டொருவரிடம் கூறியிருக்கிறேன். அதுவும் பொய்தான். முதல் நாளே யோசித்து, எந்தச் சொல்லைப் பாவிப்பது என்றுகூட முடிவு செய்துகொண்டுதான் போனேன்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். கத்தோலிக்கன். பூசையில் வாசகம் வாசிப்பவன். மாலை நேரங்களில் ஏழெட்டு வீட்டார் கூடிச் செபிக்கும்போது, பங்குச் சுவாமி வராத நாட்களில் நான்தான் நாலு வார்த்தை பேசுவேன். கண்ணில் பட்ட எதிலிருந்தும் ஒரு படிப்பினை எடுத்துவிடுவேன். நீரிறைக்கும் மெசின் பழுதானால் அதில் ஒன்று, மாடு வேலி பாய்ந்தால் அதில் ஒன்று. "இந்த மனிசனுக்குக் கோழி கேறினாலும் ஒரு பிரசங்கம்" என்று மனைவி சொல்லுவா. சனம் சிரிக்கும். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. வாய்க்காலின் கடைசி வயலுக்கும் தண்ணீர் போனால்தான் அது வாய்க்கால், தேவனுடைய இரக்கமும் அப்படித்தான் என்று ஒருநாள் பேசினேன். கேட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டா.

அந்தக் கடைசி வயலைச் செய்தவர்தான் நான் தெரியாதென்று சொன்ன மனிதர்.

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் தமிழருக்கு எதிராகக் கலவரம் நடந்தபோது அவருடைய தகப்பன் அவரைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு வன்னிக்கு வந்தவர். இங்கேயே வளர்ந்தும் வீட்டுத் தமிழ் அவருக்கு மாறவில்லை. சைவக்காரர். வருடந்தோறும் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு நடந்தே போவார். யுத்தம் முடிந்து முகாமிலிருந்து நாங்கள் திரும்பி வந்தபோது அவருக்கென்று ஒரு துண்டு நிலம் இருக்கவில்லை. வாய்க்காலின் கடைசியில், யாழ்ப்பாணத்திலிருந்து முன்னர் குடியேறிய ஒருவருக்கு அரசாங்கம் கொடுத்த பெர்மிட் காணி பற்றை பிடித்துக் கிடந்தது. உரியவர் யுத்தத்தில் செத்துப்போனார், பிள்ளைகள் வெளிநாட்டில். "சும்மா கிடக்கிறதை வெட்டிச் செய்யும். ஆரும் கேட்டால் நான் சொல்லுறன்" என்று அவரிடம் சொன்னவன் நான். பற்றை வெட்டக் கத்தி கொடுத்தவனும் நான்தான். அவரும் மனைவியும் அந்த நிலத்தைத் துப்புரவாக்கி, வரம்பு கட்டி, மாரி மழையோடு காலபோகத்தில் நெல் விதைத்தார்கள். பல போகம் போயிற்று. எங்கள் வயலில் வேலை என்றாலும் முதலில் வந்து நிற்பவர் அவர்தான். ஊரில் எல்லோரும் என்னை மாஸ்டர் என்பார்கள். அவர் மட்டும் சார் என்பார்.

கோடையில் குளத்துத் தண்ணீரை நம்பிச் செய்கிற எங்கள் பக்கத்துச் சிறுபோக முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மழை குறைந்து குளம் நிரம்பாத வருடங்களில் எல்லா வயலுக்கும் தண்ணீர் காணாது. அப்போது குளத்துக்குக் கிட்ட இருக்கிற வயல்களை மட்டும் செய்வது என்று முடிவெடுப்பார்கள். ஆனால் கிட்ட வயல் வைத்திருக்கிறவன் முழுவதையும் தானே செய்ய முடியாது. அந்தக் குளத்துத் தண்ணீரில் பயிர் செய்கிற எல்லோருக்கும் அதில் அளவான ஒரு பங்கு உண்டு. தூரத்து வயல்காரன் அந்த ஒரு போகத்துக்கு மட்டும் கிட்ட வயலுக்குள் வந்து செய்துவிட்டுப் போவான். அறுவடை முடிந்ததும் நிலம் உரியவனுக்கே திரும்பிவிடும். யார் யாருக்குப் பங்கு என்பதைக் கூட்டத்தில் தீர்மானிப்பார்கள். பெர்மிட் கையில் இல்லாதவனென்றால், இவர் இந்த நிலத்தைச் செய்கிறவர்தான் என்று கமக்காரன் ஒருவன் எழும்பிச் சொன்னால் போதும்.

என் மூன்று ஏக்கரும் குளத்து மதகான துருசுக்குப் பக்கத்தில் இருக்கிறது. துருசைத் திறந்தால் முதல் தண்ணீர் எனக்குத்தான். அந்த வருடம் குளத்தில் தண்ணீர் மிகக் குறைவு. அவருக்குப் பங்கு விழுந்தால் அது என் வயலுக்குள்தான் விழும் என்று எனக்குத் தெரியும். ஒரு போகம் கால் வைத்தால் பிறகு எழும்ப மாட்டார் என்று நினைத்தேன். மலைநாட்டிலிருந்து வந்தவர்களை எங்கள் ஆட்கள் இழிவாகச் சொல்லுகிற ஒரு சொல் இருக்கிறது. அதை நான் வாயால் சொன்னதில்லை. அன்று மனதுக்குள் சொன்னேன்.

கூட்டத்தில் அவருடைய முறை வந்தது. அவர் பின்வரிசையில் எழுந்து, சாரத்தை இறக்கிவிட்டுக்கொண்டு நின்றார். கூட்டத்தை நடத்திய அரசாங்க அலுவலர் பெர்மிட்டைக் கேட்டார்.

"இல்லீங்க. ஆனா நான் தாங்க செய்றேன். சாருக்குத் தெரியும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "மாஸ்டர் சொன்னாச் சரி. அவர் சொன்னா எழுத வேண்டியதுதான்" என்றார் அலுவலர்.

"அந்தப் பக்கம் நான் போறது குறைவு. ஆர் செய்யினம் எண்டு எனக்குத் திட்டமாத் தெரியாது" என்றேன்.

 அவருக்காக வேறு யாரும் எழும்பவில்லை. நான் தெரியாதென்று சொன்ன பிறகு தெரியுமென்று சொல்ல அங்கே ஆளில்லை. மதிப்பு என்பது இப்படியும் வேலை செய்யும்.

வெளியே என் சைக்கிளுக்குப் பக்கத்தில் அவர் நின்றார். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன்.

"என்ன சார், மறந்துட்டீங்களா? வயசாயிருச்சில்ல, வெயில் வேற" என்றார்.

அவரே எனக்கு ஒரு சாக்குப்போக்கைத் தந்தார். நான் அதையும் வாங்கிக்கொண்டேன். "ஓம், இப்ப ஞாபகம் எல்லாம் குறைஞ்சு போச்சு. பிறகு கதைப்பம்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினேன்.

அது தவக்காலம். பெரிய வெள்ளிக்கிழமை ஆண்டவருடைய பாடுகளின் வாசகத்தை வழமைபோல நான் வாசித்தேன். முற்றத்தில் நெருப்புக் காய்ந்துகொண்டிருந்த சீடர் தன் ஆண்டவரை மூன்று தரம் தெரியாதென்று சொல்லுகிற இடமும் வந்தது. என் குரல் தழுதழுத்தது, தொண்டை அடைத்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. திருத்தமாக, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி வாசித்து முடித்தேன். நன்றாக வாசித்ததாகப் பிறகு சொன்னார்கள். எல்லாவற்றிலும் படிப்பினை தேடுகிற எனக்கு அன்று அதில் ஒன்றும் தென்படவில்லை.

சிறுபோகம் பாதி போயிருக்கும். என் வயல் பச்சையாக நின்றது. மருந்தடிக்க ஆள் வேண்டும் என்று அவருடைய வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் பெரிய பானையில் நெல் அவிந்துகொண்டிருந்தது. அவருடைய மனைவி விறகைத் தள்ளிவிட்டு எழும்பினா.

"அவரு இல்லீங்க சார். மல்லாவிப் பக்கம் கல்லுடைக்கப் போயிருக்காரு."

சும்மா ஏதாவது கேட்க வேண்டுமென்று, என்ன நெல் என்று கேட்டேன்.

"வெதைக்கு வச்சிருந்ததுங்க. போட நெலம் கெடைக்கல. புள்ளைங்க திங்கணுமில்ல" என்றா. குற்றம் சொல்லுகிற குரல் அல்ல. என்ன நெல் என்று கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான்.

விதைநெல்லை அவிக்கிற வீட்டில் அதற்கு முன்னர் என்னென்ன முடிந்திருக்கும் என்று கமக்காரனுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த ஆவி மணம் சட்டையோடு வீடுவரை வந்தது. குசினியில் இருந்த மனைவியிடம் சொன்னேன். அவா அகப்பையை வைத்துவிட்டுத் திரும்பினா.

"அண்டைக்குக் கூட்டத்தில நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"திட்டமாத் தெரியாது எண்டு சொன்னனான்."

"காடு வெட்டக் கத்தி ஆர் குடுத்தது?"

நான் சட்டையைக் கழற்றத் தொடங்கினேன்.

"செபத்தில கடைசி வயலைப் பற்றிப் பேசின வாய்தானே" என்றுவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பினா. கன நாட்களுக்கு அவா என் பிரசங்கத்தைப் பற்றிப் பகிடி விடவில்லை. அந்தப் பகிடி இல்லாத வீடு எப்படி இருந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எங்கள் சுவாமி வயதில் என் மகனைவிடச் சிறியவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கூட்டத்தில சொன்னதைக் கூட்டத்திலதான் மாத்திச் சொல்ல வேணும் ஐயா. என்னட்டச் சொன்னது காணாது" என்றார். பாவமன்னிப்புத் தந்தார். வெளியே வந்தபோது எனக்குப் பாரம் இறங்கவில்லை. மற்ற வேளைகளில் சின்னச் சின்னப் பாவங்களுக்கு எவ்வளவு சுகமாக இறங்கியிருக்கிறது.

ஆனால் நான் இலகுவான வழியை முதலில் தேடினேன். என் அறுவடையில் இரண்டு மூட்டை நெல்லை அவருடைய வீட்டில் இறக்குவித்தேன். அடுத்த நாளே அவர் சைக்கிளில் ஒவ்வொன்றாக வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் இறக்கினார். "கூலிக்கு மேல வாங்குறதில்லீங்க" என்றார். கூட்டத்தில் நான் சொன்னது ஞாபகம் குறைந்த கிழவனுடைய பேச்சு அல்ல என்று அவருக்கு அப்போது விளங்கியிருந்தது. அவர் முகத்தில் தெரிந்தது.

காலபோகம் தொடங்குமுன் அந்தக் கடைசிக் காணிக்கு உரியவருடைய மகன் வெளிநாட்டிலிருந்து வந்தார். நிலத்தைச் செய்கிறவர் யாரென்று விசாரித்தார். அப்படி ஒரு ஆளைக் கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். இன்றைக்குப் போவோம், நாளைக்குப் போவோம் என்று இருந்தேன். அதற்குள் காணியைச் சுற்றி முட்கம்பி அடித்துவிட்டார்கள். அந்த மனிதரை எத்தனை தரம் தெரியாதென்று விட்டேன் என்று எண்ணிப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

அடுத்த வருடமும் குளம் நிரம்பவில்லை. சிறுபோகக் கூட்டத்தில் கேட்க முன்னரே எழும்பினேன். "போன முறை நான் சொன்னது பொய். அவர் அந்த நிலத்தைச் செய்தவர். செய்யச் சொன்னதே நான்தான். என்ர வயலுக்குள்ள பங்கு வந்திடும் எண்டுதான் தெரியாது எண்டனான்" என்றேன்.

சனம் நிலத்தைப் பார்த்தது. பின்னாலிருந்து ஒருவர், "மாஸ்டர், பாவசங்கீர்த்தனம் கோயிலில எல்லோ" என்றார். சிலர் சிரித்தார்கள். அலுவலர் சிரிக்கவில்லை. "இப்பச் சொல்லி என்ன ஐயா? காணிக்காரர் வந்திட்டார். அந்தாளுக்கு இப்ப அங்க நிலமே இல்லை. நிலமில்லாதவருக்கு நான் எப்பிடிப் பங்கு குடுக்கிறது?" என்றார்.

அப்படியானால் என் பங்கிலிருந்து நானே கொடுக்கிறேன் என்றேன். அது உங்கள் விருப்பம் என்றார்.

அன்று பின்னேரமே மனைவியையும் கூட்டிக்கொண்டு அவருடைய வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் நின்றே சொன்னேன். அவர் வேண்டாமென்று தலையாட்டினார். அவருடைய மனைவிதான் முன்னுக்கு வந்தா. "வேணாம்னு சொல்ற நெலமையில நாம இல்லை" என்று அவரைப் பார்த்துச் சொன்னா. எங்களைப் பார்க்கவில்லை.

அந்தப் போகம் அவர்கள் என் வயலில் செய்தார்கள். வரம்பில் எதிர்ப்பட்டால் அவர் ஒதுங்கி வழிவிடுவார். என் மனைவி தேத்தண்ணி கொண்டுபோனால், "இப்பதாங்க குடிச்சோம்" என்பார். அறுவடை முடிந்ததும் வரம்பெல்லாம் புல் செருக்கி, வாய்க்கால் தூர் எடுத்து, நான் கொடுத்ததைவிட நல்ல நிலமாகத் திருப்பித் தந்தார். துணுக்காய்ப் பக்கம் ஒருவருடைய வயலைக் குத்தகைக்கு எடுத்திருப்பதாகவும் குடும்பத்தோடு போவதாகவும் சொன்னார். இங்கேயே இருங்கோ, ஒவ்வொரு சிறுபோகமும் அந்தத் துண்டு உங்களுக்குத்தான் என்றேன்.

"கோவமெல்லாம் இல்லீங்க சார்" என்றார். கொஞ்சம் யோசித்தார். "ஆனா உங்க வாய்ச்சொல்ல நம்பி ஒருதடவை நெலம் வெட்டினேன். இன்னொருதடவை முடியாதுங்க."

அவர் சொன்னது நியாயம். 

தேவன் என்னை மன்னித்தார் என்று விசுவசிக்கிறேன். அதில் சந்தேகப்படுவது வேறொரு பாவம். ஆனால் அவருடைய மன்னிப்பு அந்தக் குடும்பத்தைத் துணுக்காயிலிருந்து திருப்பிக் கொண்டுவரவில்லை. முட்கம்பியைக் கழற்றவுமில்லை. இதை யாரும் எனக்கு முன்னர் சொல்லித் தரவில்லை. நானும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை.

செபத்தில் இப்போது நான் பேசுவதில்லை. கூட்டங்களுக்குப் போகிறேன். இந்த முறையும் பெர்மிட் இல்லாத ஒரு விதவைப் பெண்ணின் முறை வந்தபோது, எனக்குத் தெரியும், அவா செய்கிறவா என்று எழும்பிச் சொன்னேன். அலுவலர் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, "வேற ஆரும் சொல்லுவீங்களோ?" என்று மற்றவர்களைக் கேட்டார். ஒருவர் கை உயர்த்தினார். அதன் பிறகுதான் எழுதினார்கள்.