ஐந்து மணிக்குள் ஒரு யுனிவர்சிட்டி

ஒன்பது பேர் கழற்றிப் போட்ட கையுறைகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டாள். கட்டிலில் கிடந்த ரப்பர் பொம்மையை ஒரு கையால் புரட்டி, மறு கையால் ஈர விரிப்பை உருவினாள். கிண்ணத்துத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டினாள். டிராலியின் மேல்தட்டைத் துடைத்தாள், கீழ்த்தட்டைத் துடைத்தாள், சுவரோரம் தள்ளினாள். நிமிர்ந்தபோது மற்ற எட்டுப் பேரும் அடுத்த கட்டிலைச் சுற்றி நின்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

கண்ணாடி போட்ட சின்னப் பெண் ஒருத்தி திரும்பினாள். "அக்கா, டிஷ்யூ எங்க வெச்சிருக்கீங்க?"

அந்த அறைக்குள் அவள் வந்து ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. இருந்தாலும் எந்த அலமாரியில் இருக்கும் என்று கைக்குத் தெரிந்திருந்தது. எடுத்துக் கொடுத்தாள்.

"நானும் உன்னை மாதிரி சேரலாமான்னு பார்க்க வந்தவதான்."

"ஐயையோ, சாரிக்கா. நான் இங்க வேலை பார்க்கறவங்கன்னு..."

"பரவால்ல. முதல்ல துடை. கை பூரா வழியுது."

ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சக்கரம் என்று பெயர். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று எப்போதோ ஒரு நோயாளி சொல்லப் போக, அது அப்படியே ஒட்டிக்கொண்டது. வயது முப்பத்தைந்து. பதினொரு வருடமாக ஆறாம் வார்டில் உதவியாள். குளிப்பாட்டுவாள், புரட்டிப் படுக்கவைப்பாள், படுக்கை மாற்றுவாள், மலம் அள்ளுவாள். ஊசி, மருந்து, நோயாளியின் குறிப்பேடு மூன்றையும் தொடக் கூடாது. அந்த மூன்றையும் தொட வேண்டும் என்ற ஒரே வெறியில், பாதியில் விட்ட படிப்பை மாலை வகுப்பில் முடித்து, நர்சிங் பட்டப்படிப்புக்கு விண்ணப்பம் போட்டாள். ஒன்றும் வராது என்று போட்டதில் இரண்டு இடத்திலிருந்து அனுமதி வந்து தொலைத்தது.

ஒன்று இந்த ஊரிலேயே இருக்கும், இப்போது அவள் வந்திருக்கும் பழைய யுனிவர்சிட்டி. வீட்டிலிருந்து ஒரே பஸ். செய்முறைப் பயிற்சியும் அவள் வேலை பார்க்கும் அதே ஆஸ்பத்திரியில். மற்றது ரயிலில் மூன்று மணி நேரம் தள்ளி, ஆரம்பித்து எட்டு வருடமே ஆன புதியது. திங்கள் முதல் வெள்ளி வரை ஹாஸ்டல். நான்கு வருடம். அவளுக்குப் பத்து வயதில் ஒரு மகள். இரண்டில் ஒன்றை இன்று மாலை ஐந்து மணிக்குள் சரி என்று சொல்ல வேண்டும். மற்றது தானாக ரத்தாகிவிடும்.

பார்த்தால் இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அப்படித்தான் அவளும் நினைத்திருந்தாள்.

"எல்லாரும் எழுதியாச்சா?" என்றார் ஆசிரியை. ஆறாம் வார்டின் பழைய ஹெட் சிஸ்டர்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் இங்கே பாடம் சொல்ல வந்துவிட்டார். "காலோட சுற்றளவு எடுக்கறப்ப டேப்பை எங்க வைக்கணும்? ஏன்?" விரல் ஒவ்வொருவராக நகர்ந்து அவளிடம் வந்தது. நின்றது. பிறகு சிரித்துக்கொண்டே தாண்டிப் போனது. "எங்க சக்கரத்தை விடுங்க. அவ பார்க்காத காலா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அவளுக்குத் தெரியாது. எத்தனையோ கால்களைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். டேப் எங்கே விழுகிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. பிடித்திருப்பவள் நோயாளியின் முகத்தைத்தான் பார்ப்பாள், வலிக்கிறதா என்று. சற்று முன் ஆசிரியை அதை விளக்கிய நேரத்தில் தொட்டிப் பக்கம் நின்று கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தாள். யாரும் கழுவச் சொல்லவில்லை.

வெளியே நடைவழியில் ஆசிரியை அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"இங்கதானே சேர்ற?"

"இன்னும் முடிவு பண்ணல சிஸ்டர்."

"என்னடி முடிவு? ரெண்டாவது மாசமே பசங்களை நம்ம வார்டுக்குத்தான் கூட்டிட்டு வருவேன். ஒண்ணு ஒண்ணும் பெட்ஷீட்டை முன்னாடி பின்னாடி தெரியாம பிடிக்குதுங்க. நீ கூட இருந்தா எனக்கு ஒரு கை ஆச்சு."

பிரியமாகத்தான் சொன்னார். அதுதான் அவளைப் போட்டு அரித்தது.

பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றாள். கம்பியை மாற்றி மாற்றிப் பிடித்தாள். போன வாரம் புதிய யுனிவர்சிட்டிக்குப் போனதும் இதே மாதிரி ஒரு நாள் வகுப்புதான். அங்கே பாடம் எடுத்தது ஒரு நெட்டைப் பெண்மணி. டிரில் மாஸ்டர் மாதிரி, கழுத்தில் விசில் ஒன்றுதான் குறை. அங்கேயும் இவள் கை சும்மா இருக்கவில்லை. பஞ்சும் உறையுமாகச் சிதறிக் கிடந்ததை அள்ளப் போனாள்.

"அதைக் கீழ வைங்க," என்றாள் நெட்டை. "யார் எடுக்கச் சொன்னது? அதுக்கு ஆள் இருக்கு. முன்னால வாங்க. இன்னும் முன்னால."

எட்டூருக்குக் கேட்கிற குரல். முகம் பற்றி எரிந்தது. அந்த ஆளே நான்தானே என்று வாய்வரை வந்ததை விழுங்கினாள். ரயிலில் மூன்று மணி நேரமும் பொருமிக்கொண்டு வந்து, புருஷனிடம், "செத்தாலும் அங்க போக மாட்டேன். என்ன திமிரு!" என்றாள். அன்றோடு அந்தக் கதை முடிந்தது என்றுதான் இருந்தாள்.

இப்போது கம்பியைப் பிடித்தபடி யோசித்தால், அன்று நெட்டை சொன்னது ஒரு வரி விடாமல் ஞாபகம் இருந்தது. நாடி சீராக இல்லாவிட்டால் அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கக் கூடாது, முழு நிமிடம் எண்ண வேண்டும். கட்டை விரலை வைக்கக் கூடாது, அதில் உன் நாடியே துடிக்கும். இன்று பழைய யுனிவர்சிட்டியில் மூன்று மணி நேரம் இருந்திருக்கிறாள். ஞாபகத்தில் இருந்தது டிஷ்யூ அலமாரி.

வீட்டுக்கு வந்தபோது மணி நாலு. புருஷன் பஸ் டிரைவர். காலை டூட்டி முடிந்து வந்து பனியனோடு மடிப்புப் பலகையில் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தான். மகள் தரையில் பரப்பிக்கொண்டு படம் வரைந்தாள். அவள் தண்ணீர் பிடித்தாள், குடிக்காமல் வைத்தாள். மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"என்னாச்சு?" என்றான்.

"ஒண்ணும் ஆகல."

"அப்ப ஏன் வீட்டை ரெண்டு பண்றே?"

"அங்க போனா என்னன்னு தோணுது."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். "எங்க? விசில்காரிகிட்டயா? செத்தாலும்னு சொன்னே."

"சொன்னேன். அதுக்காக இப்ப செத்தா காட்ட முடியும்?"

"எதுன்னாலும் எனக்குச் சரிதான்."

"இது ஒரு பதிலா? எதுன்னாலும் சரின்னா, நான் யாரைக் குத்தம் சொல்றது?"

"வேற ஆளைப் பாரு," என்று சட்டையைத் திருப்பிப் போட்டான். கொஞ்ச நேரம் காலரையே தேய்த்தான். "காலைல நாலு மணிக்கு நான் வண்டி எடுக்கணும். இவளை யாரு பள்ளிக்கூடம் அனுப்பறது? பகல் டூட்டி வேணும்னா டிப்போவுல டூட்டி போடற அந்த டைம்கீப்பரைத்தான் கேட்கணும். ரெண்டு வருஷமா அவன் மூஞ்சியில முழிக்கறதில்ல நான்."

"கேட்க மாட்டே."

"கேட்க மாட்டேன்னு சொன்னேனா? கேட்கக் கூசுதுன்னு சொன்னேன்."

மகள் பென்சிலை வைத்துவிட்டாள். "அம்மா எங்க போறாங்க?"

அவன் சட்டையை மடித்தான். அவள்தான் மகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "படிக்க. வெள்ளிக்கிழமை ராத்திரி வந்துடுவேன்."

"இங்கயே படிக்கலாம்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"பொய்யா?"

"பொய் இல்ல கண்ணு. இங்க இருந்தா அம்மா படிக்க மாட்டேன். வேலைதான் செய்வேன். யாரு கூப்பிட்டாலும் ஓடுவேன். கூப்பிடாட்டியும் ஓடுவேன்."

"ஓடாம இருங்க," என்றாள் மகள்.

அவள் தரையில் கிடந்த பென்சிலை எடுத்து மகள் கையில் கொடுத்தாள். நாலே முக்காலுக்கு போனை எடுத்தாள். சேர்க்கைப் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. எழுந்து ஜன்னலுக்குப் போனாள், வாசலுக்குப் போனாள், திரும்பி வந்தாள். நாலு ஐம்பத்து நாலுக்குத் திறந்தது. பழையது மேலே, புதியது கீழே. கீழே உள்ளதைத் தொட்டாள். மற்ற இடம் ரத்தாகும், உறுதியா என்று கேட்டது. ஆம் என்பதைத் தொட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தாள்.

மகள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவன் இஸ்திரிப் பெட்டியின் வயரைப் பிடுங்கினான்.

மறுநாள் ஒன்பதுக்கு அவளுக்கு டூட்டி. வார்டில் இருபத்திரண்டு பேர். பதினொரு மணிக்கு அலுவலகத்தில் ராஜினாமாக் கடிதம் கொடுத்தாள். ஒரு மாதம் இருந்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார்கள். குமாஸ்தா இரண்டு நகல் கேட்டார். மதியம் பழைய ஹெட் சிஸ்டருக்கு போன் செய்து சொன்னாள். அவர், "அப்படியா," என்றார். பிறகு வகுப்பு இருக்கிறது என்று வைத்துவிட்டார். சாயங்காலம் புருஷன் தாமதமாக வந்தான். டைம்கீப்பர் சனிக்கிழமை சொல்கிறேன் என்றாராம். மகள் ஏழு மணி வரை பேசவில்லை. ஏழுக்குப் புது நோட்டுக்கு அட்டை போட வேண்டும் என்றாள். மூன்று நோட்டுக்குப் போட்டார்கள். ஹாஸ்டலிலிருந்து ஒரு பட்டியல் வந்திருந்தது. தலையணையும் பக்கெட்டும் அவரவர் கொண்டு வர வேண்டும்.