ஏலக்காயை மிதித்த டீச்சர்

விவசாயப் பாடம் நடத்துகிற டீச்சருக்கு மட்டும் ஒரு சங்கடம் உண்டு: பாடத்தை நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் பெற்றோர் கூட்டத்துக்கு வந்து முன்வரிசையில் உட்காருவார்கள். வரலாறு டீச்சருக்கு இந்தத் தொல்லை கிடையாது. எந்த ராஜாவும் வந்து, நான் அப்படிச் சண்டை போடவில்லையே என்று கேட்கப்போவதில்லை. என்னைப்போல மண்ணையும் உரத்தையும் கரும்பலகையில் எழுதிப் பிழைப்பவர்கள் இதைப் படித்தால் தலையாட்டுவார்கள்.

என் சொந்த ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே, சித்தூர்ப் பக்கம். நெல்லும் தென்னையும் நிலக்கடலையும் பார்த்து வளர்ந்தவள் நான். வேலை கிடைத்ததோ இடுக்கியில், வண்டன்மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளியில். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு விவசாயமும் பண்ணை நிர்வாகமும். புத்தகம் இங்கிலீஷில், ஆபீஸ் கடிதம் மலையாளத்தில், மலையேறி வந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளோடு பேச்சு தமிழில். அந்தத் தமிழிலும் நான் என் ஊர் வழக்கில் "ஏனுங்க" என்று ஆரம்பித்தால் பின்பெஞ்சு சிரிக்கும்.

காய் எங்கே?

சேர்ந்த இரண்டாம் வாரமே வகுப்பைக் கள ஆய்வுக்கு அழைத்துப் போனேன். என் மாணவி கௌசல்யா வீட்டு ஏலத்தோட்டம், இரண்டு ஏக்கர், பள்ளிக்கு நடந்துபோகும் தூரம். ஏலக்காயை அதுவரை பாயசத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன் என்று பிள்ளைகளிடம் சொல்லவில்லை. செடி என்னைவிட உயரம். பசேலென்று இலை. காய் உச்சியில் இருக்கும் என்று நினைத்து, அண்ணாந்து பார்த்தபடியே செடிக்குச் செடி நடந்தேன். கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

கௌசல்யாவின் அம்மா பாண்டியம்மா கூடையோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல், "ஏனுங்க, காய் எங்கீங்க இருக்குது?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. அதற்காக இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்வேன். மெதுவாகச் சொன்னார்: "மேல பாக்காதீங்க டீச்சர். தரையில படந்து கெடக்குதே, நீங்க மிதிச்சுக்கிட்டு நிக்கிற சரம், அதுலதான் காய் இருக்கு."

புழு

மண்புழு உரம் பாடத்தில் வந்தது. ஊரிலிருந்து நானே ஒரு டப்பா நிறையப் புழு கொண்டுவந்து, பள்ளிக்குப் பின்னால் தொட்டியில் விட்டேன். சமவெளியில் வளர்ந்த புழு. இங்கே ஜூன் மாத மழை எப்படி என்று அதற்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒரு வாரம் விடாமல் பெய்தது. மழை விட்டதும் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி மூடியைத் திறந்தால், தொட்டியில் தண்ணீரும் வாழைமட்டையும்தான் இருந்தன. எங்கள் பண்ணை உதவியாளர் ஷாஜி சேட்டன் குச்சியால் கிளறிப் பார்த்துவிட்டு, ஆறுதல் சொல்வதுபோல் சொன்னார்: "டீச்சரே, புழு எல்லாம் டிரான்ஸ்பர் வாங்கிப் போயி."

யார் நிர்வாகி?

நிலம், உழைப்பு, மூலதனம், நிர்வாகம் என்று உற்பத்திக் காரணிகள் நான்கு. உங்கள் வீட்டுத் தோட்டத்தில் நிர்வாகி யார் என்று காரணத்தோடு எழுதச் சொன்னேன். எல்லோரும் அப்பா என்று எழுதியிருந்தார்கள். கௌசல்யா மட்டும் அம்மா என்று எழுதியிருந்தாள். காரணம் எங்கே என்று கேட்டதும் எழுந்து நின்றாள்: "அப்பா பேரு பட்டாவுல இருக்கு டீச்சர். எந்த வேல எப்பன்னு அம்மாவுக்குத்தான் தெரியும்."

பன்றி

செய்முறைத் தேர்வுக்கு மூன்று நாள் இருந்தது. பள்ளித் தோட்டத்தில் பிள்ளைகள் பத்து மாதம் வளர்த்த மரவள்ளிக்கு அன்றைக்குத்தான் ஆபத்து வர வேண்டுமா? காலையில் போய்ப் பார்த்தால் காட்டுப்பன்றி புகுந்து மொத்தப் பாத்தியையும் உழுதுவிட்டிருந்தது. அந்தப் பாத்திக்குத்தான் மதிப்பெண். கௌசல்யா குழிகளைச் சுற்றி நடந்தாள். எனக்கு அழுகை வந்தது. ஷாஜி சேட்டன் ஒரு வழி சொன்னார்: சந்தையில் கிழங்கு வாங்கிக் குழியில் புதைத்து, மேலே குச்சி நட்டுவிடலாம், யார் தோண்டிப் பார்க்கப்போகிறார்கள்? உண்மையைச் சொன்னால், நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியே விட்டேன். அதற்குள் கௌசல்யா பண்ணைக் குறிப்பேட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். மையால் எழுதியிருந்தாள்: "பன்றி எல்லாவற்றையும் தின்றுவிட்டது. தெற்குப் பக்க வேலி தாழ்வு. போன மாதமே கவனித்தோம், கட்டவில்லை." பையைத் திரும்ப ஆணியிலேயே மாட்டிவிட்டேன்.

தேர்வாளர் மூணாற்றுக்காரர், தமிழ் படிக்கத் தெரிந்தவர். அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். பிறகு கௌசல்யாவிடம் வேலியைப் பற்றி மட்டும் கால்மணி நேரம் கேள்வி கேட்டார். எவ்வளவு உயரம் வேண்டும், எங்கே முதலில் கட்டுவாய், மரவள்ளியை ஓரத்தில் நட்டது சரியா என்றெல்லாம். அவள் ஒன்றையும் விடவில்லை. போகும்போது என்னிடம் சொன்னார்: "இந்த வருசம் நான் பாத்த நோட்டு எல்லாத்துலயும் வெளைச்சல் அமோகம். நம்புற மாதிரி இருக்கிறது இது ஒண்ணுதான், டீச்சர்."

எண்ணிப் பார்த்தல்

பூச்சி இருக்கிறது என்பதற்காக மருந்து அடிக்கக்கூடாது, எண்ணிப் பார்த்து, பயிர் தாங்காத அளவுக்கு வந்தால்தான் அடிக்க வேண்டும் என்று மார்ச் மாதத்தில் பாடம் நடத்தினேன். நடத்துவது சுலபம். அடுத்த வாரம் கௌசல்யாவின் அப்பா முருகேசன் பள்ளிக்கு வந்து நின்றார். பூச்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாள் கணக்கு வைத்து மருந்து அடிக்கிறவர் அவர். மகள் மருந்து டிரம்மின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, எண்ணாமல் விடமாட்டேன் என்கிறாளாம். "காயில இலைப்பேன் விழுந்து தோலெல்லாம் சொறி புடிச்சா யாரு வாங்குவா டீச்சர்? அது எங்களுக்கு வருசத்துச் சோறு" என்றார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

சனிக்கிழமை லென்ஸோடு போனேன். நான், கௌசல்யா, பாண்டியம்மா மூவரும் சரங்களையும் இலை உறைகளையும் விரித்து விரித்து எண்ணினோம். முருகேசன் கைகட்டி நின்றார். நிழல் குறைந்த மேட்டுப் பக்கத்தில் பேன் மொய்த்தது. பள்ளத்துப் பக்கத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. "மேட்டுக்கு மட்டும் அடிச்சாப் போதுமுங்க" என்றேன். முருகேசன் மனைவியைப் பார்த்தார். பாண்டியம்மா தலையசைத்தார். அடுத்த ஐந்து மாதமும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். இரண்டு முறை கௌசல்யாவே மறுபடி எண்ணி, பள்ளத்தை அப்படியே விடச் சொன்னாள்.

ஆகஸ்டில் பறிப்பு ஆரம்பித்தது. பாண்டியம்மா கை நிறையக் காய் கொண்டுவந்து என் மேசையில் கொட்டினார். அங்கொன்று இங்கொன்றாகச் சொறி. மற்றதெல்லாம் பச்சைப் பசேலென்று சுத்தம். நான் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வாசலில் நின்ற முருகேசன் சொன்னார்: "காய் நல்லாத்தான் இருக்கு டீச்சர். ஆனா வீட்டுல நான் ஒரு பேச்சுல ஜெயிச்சு அஞ்சு மாசமாச்சு."

இத்தனை வருடம் நடத்தியும் என் பாடத்தில் இன்னும் பாஸாகாத ஒரே ஆள் நான்தான் என்றாலும், இந்த வகுப்பை விட்டுப் போக மனசு வரவில்லை.