கைக்கெட்டும் தூரம்

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அக்காவைக் குளவி கொட்டிவிட்டது என்று செய்தி வந்தபோது, ஹட்டனில் நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒருவருக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். முகம் வீங்கி, இரண்டு கண்களும் மூடிக் கிடந்தன.

"கூடு செடிக்குள்ளதான் இருந்துச்சு. கண்ணாடி போட்டும் எனக்குத் தெரியலையே, பாப்பா" என்று அழுதாள்.

ஏதோ ஒரு கண் முகாமில் கொடுத்த கண்ணாடி. மேல்பாதி தூரத்துக்கு, கீழ்ப்பாதி வாசிக்க. அக்கா வாசிப்பது ஞாயிற்றுக்கிழமை பேப்பர் மட்டும்தான். அதைக் கடைக்குக் கொண்டுபோய்ப் பவரைப் பார்த்தேன். எதிர்மலை தெரியும், மடியில் வைத்த பேப்பர் தெரியும். கை நீட்டிக் கொழுந்து கிள்ளும் இடம் மட்டும் இரண்டிலும் மங்கல்.

வீக்கம் வற்றியதும் அவளைக் கடைக்கு அழைத்துவந்தேன்.

"மூணு தூரமும் தெரியிற லென்ஸ் இருக்கே, அதைப் போட்டுடு" என்றார் முதலாளி.

"அதுல ஓரத்துல தெரியிறதெல்லாம் நெளிஞ்சு அலையும்ங்க. கூடையோட சரிவுல இறங்குறவங்களுக்கு ஆகாது."

கைக்கெட்டும் தூரத்துக்கு மட்டுமான லென்ஸ் போதும் என்று முடிவெடுத்தேன். நடக்கும்போது கழற்றிக்கொள்ளலாம். அவளுக்குப் பார்வைக் கோணலைத் திருத்தும் சிலிண்டர் பவரும் இருந்ததால் ரெடியாகக் கிடைக்கவில்லை, கொழும்புக்குச் சொல்லிவிட்டேன். அந்த வாரமே மழை பிடித்தது. மண் சரிந்து பாதை மூடிற்று. பார்சல் வரவில்லை. அக்காவோ வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள்.

"எப்படிக்கா பறிக்கிற?"

"பக்கத்து நெரையில நிக்கிறவ கூடு இருக்கான்னு பார்த்துச் சொல்றா. அப்புறந்தான் கை வைக்கிறேன்."

அவள் போன் எடுக்கும்வரை எனக்குச் சோறு இறங்காது.

பாதை திறந்து லென்ஸ் வந்ததும் பிரேமில் மாட்டி, தோட்டத்தில் அவள் குடியிருக்கும் லயத்துக்கே கொண்டுபோனேன். போட்டுக்கொண்டு பக்கத்துத் தேயிலைச் செடியில் குனிந்தாள்.

"எல நரம்புகூட தெரியுதுடி!"

நான் சிரித்தேன். அவள் கொழுந்தைக் கிள்ளவில்லை. கிளையை விலக்கி உள்ளே பார்த்தாள். மறுபக்கம் போய்ப் பார்த்தாள். அடியிலும் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்லக்கா. பறி."

"தெரியுது. கைதான் போக மாட்டேங்குது."

இன்றும் ஒவ்வொரு செடியையும் அப்படித்தான் பார்க்கிறாள். கொழுந்து குறைகிறது என்று கங்காணி சத்தம் போடுகிறாராம். மலை வேலையை விட்டு என்னோடு ஹட்டனுக்கு வந்துவிடு என்று சொல்லிப் பார்த்தேன். "வந்து என்ன செய்ய?" என்று கேட்டாள்.