மெக்கானிக்கல் லோடு

போன ஆயுத பூஜைக்கு எங்கள் ஏற்காட்டு வீட்டில் பொட்டு வாங்காமல் தப்பித்தது பூனை மட்டும்தான். அதுவும் ஓடிவிட்டதால்!

காப்பிக்கொட்டை அரைக்கும் மெஷின், ஸ்கூட்டர், கவாத்துக் கத்தி, லேப்டாப்... எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்தேன். பூஜையில் ஒரு குறையும் வைக்க மாட்டேன் நான். டி.வி. ரிமோட்டுக்கும் வைத்தேன் — எங்கள் வீட்டில் அதைவிட உழைக்கிற ஆயுதம் ஏது?

இயற்பியலில் ஆராய்ச்சி செய்யும் அக்கா மகள் தாரணி லீவுக்கு வந்திருந்தாள். அவள் லேப்டாப் பக்கத்தில் ஒரு குட்டி டப்பா. உள்ளே விரல்நகம் அளவுக்குப் பளபளவென்று ஒரு சில்லு. மேலே லேசாகத் தூசி. சும்மா விடுவேனா? வேட்டி நுனியால் அழுத்தித் துடைத்து, நட்டநடுவில் பொட்டு வைத்தேன்.

குளித்துவிட்டு வந்தவள் அலறினாள். "ஏனுங்க மாமா! அந்தத் தூசிதானுங்க என்ற ஆராய்ச்சியே!"

அது தூசி இல்லையாம். தங்கப் படிகங்களாம். ஒரு தலைமுடியின் அகலத்துக்குள் நூறு படிகங்கள் வரிசையாக உட்காரும். அவற்றின் மேல் எக்ஸ்-ரேயைப் பாய்ச்சி, அது சிதறி விழுகிற புள்ளிகளை வைத்து, உள்ளே எந்த அணு வரிசை இழுபட்டிருக்கிறது, எது நழுவியிருக்கிறது என்று கம்ப்யூட்டரில் படமே போட்டுவிடுவார்களாம். சுருக்கமாக, குறை கண்டுபிடிக்கிற வேலை.

"தங்கந்தானே கண்ணு? சேலத்துல தெரிஞ்ச நகைக்கடை இருக்குது..."

"நீங்க பேசாம இருங்க மாமா. எக்ஸ்-ரே மெஷின்ல ரெண்டு நாள் இடம் கேட்டு ஒரு வருசமாக் காத்திருந்தேனுங்க. அடுத்த வாரம் போவோணும். புதுசாச் செய்ய நேரமில்லீங்க."

மறுநாள் முதல் பஸ்ஸில் முகம் கொடுக்காமல் கிளம்பிப் போனாள். பத்து நாளாகச் சோறு இறங்கவில்லை. சேர்வராயன் கோயிலுக்குப் போய், 'பொட்டு வைத்தது தப்புதான் சாமி' என்று வேண்டிக்கொண்டேன்.

பதினோராம் நாள் போன் வந்தது.

"மாமா, சில்லைக் கழுவி எக்ஸ்-ரேல வெச்சுப் பார்த்தேனுங்க. ஓரத்துல கொஞ்சம் படிகம் தப்பிச்சிருந்துச்சு. அதெல்லாம் நொம்ப ஒழுங்கா இருக்குது, பார்க்க ஒண்ணுமே இல்லீங்க. நடுவுல ஒண்ணே ஒண்ணு ஒட்டிக்கிட்டிருந்துச்சு. அதுலதான் உள்ளார வரிசை நழுவிக் கெடக்குது. என்ற கைடு சார் அதையவே திருப்பித் திருப்பிப் பார்க்கறாருங்க!"

கல்யாண வீட்டில் வயிறாரச் சாப்பிட்டது யாருக்கு ஞாபகம் இருக்கிறது? ரசத்தில் உப்பு இல்லாததைத்தானே இருபது வருஷம் பேசுகிறோம்!

"இது எப்படி ஆச்சுன்னு கேட்டாருங்க."

"நீ என்ன கண்ணு சொன்னே?"

"மெக்கானிக்கல் லோடுன்னு சொல்லிட்டேனுங்க."

அதாவது, வெளியிலிருந்து விழுந்த அழுத்தமாம். என் வேட்டி நுனிக்கு இப்படியொரு பேர் இருப்பது இத்தனை வயசுக்கு மேல்தான் தெரிந்தது. நிம்மதியில் அன்று மதியச் சாப்பாட்டையே இரண்டு முறை சாப்பிட்டேன்.

பூஜையில் ஒரு குறையும் வைக்காத நான், படிகத்தில் ஒன்று வைத்துவிட்டேன் — நல்லவேளை!