பண்ணைவீட்டுத் தலைவரின் இடம்

முழங்காலில் சத்திரசிகிச்சை முடிந்து ஒரு வருடமாகியும் என் கணவர் என்னை நிலத்தில் இருக்க விடவில்லை. கோயிலுக்குப் போனால் பூசை தொடங்க முன்னமே எங்கிருந்தோ ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். மெல்ல மெல்ல நிலத்தில் இருந்து பழகலாம் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னது அவர் காதில் ஏறவேயில்லை. எங்கள் நார்த்மீட் வீட்டில் அவருக்குத் தெரியாமல் பழகினேன். இருப்பது சரிவந்தது. எழும்பும்போதுதான் கை தானாகப் போய்க் கட்டிலைப் பிடித்தது. எதையும் பிடிக்காமல் ஒருமுறை எழும்பிக் காட்டிவிட்டால் இந்தக் கதிரை ஊர்வலத்துக்கு முடிவு கட்டலாம் என்று இருந்தேன்.

அந்த நிலையில்தான் ஜப்பானுக்குச் சுற்றுலா போனோம். பழைய பண்ணைவீடுகளை ஊர் ஊராகக் கழற்றி வந்து ஒரு மலைச்சரிவில் திரும்பப் பொருத்தி வைத்திருக்கிறார்கள். ஒரு வீட்டுக்குள் தீ எரிந்தது. பலகைத் தரையின் நடுவே சதுரக் குழி, அதில் விறகு, மேலே தொங்கும் இரும்புக் கேத்தல். புகை பிடித்தால்தான் கூரைப் புல்லில் பூச்சி வராது என்று வழிகாட்டி ஆங்கிலத்தில் விளக்கினார். எங்கள் குசினியில் தோசை கருகினாலே அலாரம் ஊரைக் கூட்டும். இங்கே புகைக்கு ராசமரியாதை.

சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறி வந்து இருங்கள், தேநீர் தருகிறேன் என்றார் வழிகாட்டி. என் கணவர் கதிரை தேடினார். வீடு முழுக்க ஒன்றுமில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோசம்.

"நீர் இந்தப் படியிலையே இரும்," என்றார்.

"நான் உள்ளுக்கை வாறன்."

புகை வராத பக்கமாகப் பார்த்துப் போய், காலை மெல்ல மடித்து இருந்தேன். வழிகாட்டி சிரித்துவிட்டார். வாசலைப் பார்த்த அந்த இடம் வீட்டுத் தலைவருக்கு உரியதாம். அந்தக் காலத்தில் மூத்த மகன்கூட அதில் இருக்க மாட்டானாம். தலைவரை விட்டால் அதில் இருக்கக்கூடியது பூசகரும் பூனையும்தானாம். என் கணவருக்கு முகம் கறுத்தது.

"எழும்பி இஞ்சாலை வாரும். மரியாதையில்லை."

"இருந்ததே பெரும்பாடு. உதுக்காக என்னாலை எழும்பேலாது."

வழிகாட்டி என்னை அசைய விடவில்லை. முதல் தேநீரும் எனக்குத்தான் வந்தது. என் கணவர் எதிர்ப்பக்கம் விறகு அடுக்கியிருந்த மூலையில் சம்மணமிட்டார். அது வீட்டு மருமகள் இருந்து நெருப்பைப் பார்க்கிற இடம் என்று சொல்லி வழிகாட்டி அவர் கையில் ஒரு விறகைக் கொடுத்தார். புகை முகத்தில் அடிக்க, கணவர் இருமித் தள்ளிவிட்டார். ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும் என்பது சும்மா இல்லை. ஆறுதலாக ஊதி ஊதிக் குடித்தேன். அவ்வளவு ருசியான தேநீரை நான் அதற்கு முன் குடித்ததில்லை.

குடித்து முடிந்ததும் பயம் பிடித்தது. பக்கத்தில் தூண் இல்லை, சுவர் இல்லை, பிடிக்க ஒன்றுமில்லை. முன்னால் நெருப்பு. நல்ல காலைப் பின்னால் மடித்து, மற்றதை ஊன்றி, மூச்சை இழுத்து எழும்பினேன். முழங்கால் நடுங்கியது, ஆனால் ஏமாற்றவில்லை. நான் நேராக நின்றேன். கத்த வேண்டும் போலிருந்தது.

என் கணவர் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தார்.

"என்னப்பா?"

"கால் விறைச்சுப் போச்சு," என்றார் சின்னக் குரலில்.

சுற்றிப் போய்க் கையை நீட்டினேன். அவர் என்னைவிட நல்ல பாரம். அன்று என் முழங்கால் எங்கள் இரண்டு பேரையும் தூக்கி நிறுத்தியது.