புரட்டாசியில் பிடித்த மீன்

கண்ணுங்களா, இதைப் படிக்கிற வயசு வரும்போது, நாம் மீன் பிடிக்கப் போன அந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குப் பாதிதான் ஞாபகம் இருக்கும். மீதியை நான் எழுதி வைக்கிறேன். பத்தாவதோடு நின்றவன் நான். தப்பு இருந்தால், பெரியவனே, நீ திருத்திக்கொள்.

பாப்பா, நீ அப்போது ஒன்றாவது. "நானே ஒரு மீன் புடிக்கணும்" என்று என் காலைச் சுற்றிக்கொண்டே இருந்தாய். அண்ணன் மாமாவோடு போய் ஏற்கெனவே பிடித்திருந்தான். அதைச் சொல்லிச் சொல்லியே உன்னை அழவைப்பான். தட்டாஞ்சாவடிப் பட்டறையில் ஓவர்டைம் இல்லாத ஒரு ஞாயிறாகப் பார்த்து ஏற்பாடு செய்தேன். தூண்டில் நரம்பும் முள்ளும் கடையில் வாங்கினேன். கனத்துக்குப் பட்டறையில் கழித்துப் போட்ட சின்ன நட்டு. தக்கைக்கு, அறுந்துபோன ரப்பர் செருப்பில் வெட்டிய துண்டு.

கிளம்புகிற காலையில் அம்மா காலண்டர் தாளைக் கிழித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏங்க, புரட்டாசி பொறந்துடுச்சி. தெரியுமா, தெரியாதா?"

தெரியாது. லேத் மிஷின் முன்னால் நிற்பவனுக்குத் தமிழ் மாசம் எங்கே ஞாபகம் இருக்கிறது? நம் வீட்டில் புரட்டாசி முழுக்க முட்டைகூட வராது. நீயோ வாளியும் கையுமாக வாசலில் நின்றாய். தெரு முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தாய். உன் உதடு பிதுங்குவதைப் பார்த்து அம்மாதான் இறங்கி வந்தாள்.

"சரி, போலாம். புழு கோக்கக் கூடாது. புடிச்சத அங்கயே வுட்டுடணும். ஒண்ணுகூட என் அடுப்பாண்ட வரக்கூடாது."

புழுவுக்குப் பதிலாகக் கோதுமை மாவு பிசைந்து எடுத்துக்கொண்டாள். கைப்பழக்கத்தில் உப்பும் எண்ணெயும் போட்டுவிட்டாள். சப்பாத்திக்கு அருமையான பதம். முள்ளில் மட்டும் நிற்கவில்லை. அரியாங்குப்பம் ஆற்று மீன்கள் ஒவ்வொன்றாக வந்து, தின்றுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தன.

இடுப்பளவுத் தண்ணீரில் வலை வீசிக்கொண்டிருந்த ஒருத்தர் வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்னாண்ணே, மீனுக்கு டிபன் போடறியா?"

"புரட்டாசி தம்பி. அன்னதானம்."

"அப்ப சட்னி எங்கண்ணே?"

அம்மாவுக்குச் சிரிப்பும் ரோஷமும் சேர்ந்து வந்தது. மாவைத் தட்டையாகத் தட்டி வண்டி சீட்டின் மேல் வெயிலில் காயவைத்தாள். அதற்கப்புறம் மாவு முள்ளில் நின்றது. பெரியவனே, நீ இரண்டு பிடித்து, இரண்டுக்கும் டாட்டா சொல்லித் தண்ணீரில் விட்டாய்.

பாப்பாவுக்கு மட்டும் ஒன்றும் விழவில்லை.

"சளசளன்னு பேசினே இருந்தா எப்படி வரும்? உனுக்கு ஏறாது போ" என்றாய் நீ.

பாப்பா ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. கிளம்பலாம் என்று நான் எழுந்த நேரம் செருப்புத் துண்டு முங்கியது. உதவிக்குக் கை நீட்டினேன்.

"தொடாதப்பா!"

அவளே இழுத்தாள். அவள் உள்ளங்கை அளவுக்கு ஒரு ஜிலேபிக் கெண்டை.

"வுட்டுடலாமாடா?" என்றேன்.

"வுடமாட்டேன். இது என்னுது."

"அம்மா என்னா சொன்னாங்க?"

"அடுப்பாண்டதானே வரக்கூடாது? பின்னாடி தொட்டியில வுடறேன்."

அம்மாவே வாளியில் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். வாளித் தண்ணீர் வழி நெடுக என் பேண்ட்டில் ஊற்ற, நாம் நாலு பேரும் அந்த மீனும் ஒரே வண்டியில் வீடு வந்தோம்.

புரட்டாசி முழுக்க மீன் சிமெண்டுத் தொட்டியில் இருந்தது. பாப்பா, தினமும் காலையில் அதற்குச் சோறு போட்டுவிட்டுத்தான் நீ பல் விளக்குவாய். "ஐப்பசி பொறக்கட்டும், வறுவல்தான்" என்பான் அண்ணன். விளையாட்டுக்குத்தான் சொன்னான். நீ நம்பிவிட்டாய்.

ஐப்பசி முதல் ஞாயிறு. குருசுக்குப்பத்திலிருந்து கூடையோடு வரும் அக்காவிடம் அம்மா சங்கரா மீன் வாங்கினாள். அந்த அக்கா தொட்டியை எட்டிப் பார்த்து, "இதுவும் ஒரு வாய் கொழம்புக்கு ஆவுமே" என்றார். அவ்வளவுதான். தொட்டி மேல் பலகையைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்த நீ, சாயங்காலம் வரைக்கும் இறங்கவில்லை. சங்கரா குழம்பைக் கேட்டு வாங்கி, அங்கேயே உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டாய்.

பொழுது சாயும்போது என்னைக் கூப்பிட்டாய்.

"அப்பா, தொட்டி சின்னது. இது சுத்திச் சுத்தியே வருது. அங்கயே வுட்டுட்டு வந்துடு."

"நீயும் வாடா."

"நான் வந்தா திரும்ப எடுத்துனு வந்துடுவேன்."

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பியவன், வாளியை மாட்டிக்கொண்டு பட்டறைக்கு எதிர்த்திசையில் வண்டியை விட்டேன். அதே கரை. பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கி வாளியைச் சாய்த்தேன். மீன் உடனே போகவில்லை. என் கால் பக்கமே நின்றது. அதற்கு இது சோறு நேரம்.

கரையேறிச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். குழம்பு படாத ஓரத்தில் ஒரு பிடி சோறு எடுத்து, நீ போடுகிற மாதிரியே கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டேன்.