விரிசல் விட்ட சேகண்டி

என் அம்மா சீனர்களின் மேளக்குழுவில் சேகண்டி அடித்தாள். ரங்கூனில் இப்போது யாரிடமாவது சொன்னால் ஆச்சரியமாகக் கேட்கிறார்கள். பதினொரு வயதில் எனக்கு அதைவிடப் பெரிய அவமானம் உலகத்தில் வேறு இருக்கவில்லை.

ரங்கூனில் சீனர்கள் வாழும் லத்தா பகுதியில் ஒரு சீனக் குடும்பத்தின் நூடுல்ஸ் கடையில் அம்மா வேலை பார்த்தாள். முதலாளியும் அவருடைய உறவினர்களும் சீனாவில் ஒரே கிராமத்துக்காரர்களின் வம்சம். புத்தாண்டு வந்தால் அந்த ஊர் முறைப்படி முரசும் தாளமும் சேகண்டியும் முழக்கிக்கொண்டு கடை கடையாகப் போவார்கள். ஒரு வருஷம் சேகண்டி அடிப்பவருக்குக் கை பிசகிவிட்டது. அம்மா இரும்புச் சட்டியில் கரண்டியால் போடும் தாளத்தைத் தினமும் கேட்டிருந்த முதலாளி அவளைக் கூப்பிட்டார். கூச்சத்தோடு போனவள், பிறகு வருஷா வருஷம் தானாகவே போய் நின்றாள்.

மூன்றாம் வருஷம் ஊர்வலத்தின் முதல் நாள், என் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் அவளைப் பார்த்துவிட்டார்கள். சிவப்புச் சட்டை, நெற்றியில் பொட்டு.

"உங்கம்மா சீனத்தியா, கலாமாவா?" என்று பர்மியத்தில் கேட்டுச் சிரித்தார்கள். கலாமா என்றால் இந்தியக்காரி; சொல்கிற விதத்தில் இருக்கிறது அதன் விஷம். நானும் சேர்ந்து சிரித்தேன். அம்மா நாலு முழத் தூரத்தில்தான் அடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை, துணி சுற்றிய சேகண்டித் தடியை எடுத்து அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். தடி இல்லாவிட்டால் போகமாட்டாள் என்று நினைத்தேன்.

"தடியப் பாத்தியா பாப்பா?"

"நான் ஏம்மா பாக்கப்போறேன்?"

வீடெல்லாம் தேடினாள். கடைசியில் பூரிக்கட்டையில் துண்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

மூன்றாவது கடை வாசலில் துண்டு அவிழ்ந்து விழுந்தது. முழக்கம் பாதியில் நின்றால் அந்தக் கடைக்கு ஆகாது என்பார்கள். அம்மா நிறுத்தாமல் வெறும் கட்டையால் அடித்தாள். நாலைந்து அடிதான். ஓட்டைப் பானையைத் தட்டினாற்போல ஒரு சத்தம் வந்தது. விளிம்பிலிருந்து நடுவரை விரிசல். முதலாளி குடும்பத்துத் தாத்தாக்கள் கப்பலில் கொண்டுவந்த சேகண்டி அது. அந்தக் கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கதவைச் சாத்தினார்.

அம்மா முதலாளியின் முன்னால் கைகூப்பி நின்றாள். "தப்பு என்னோடதுதாங்க. தடிய எங்கயோ வச்சுத் தொலைச்சுட்டேன்" என்று தனக்குத் தெரிந்த பர்மியத்தில் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அவர் பரவாயில்லை என்றார். ஆனால் விரிசலை விளிம்பிலிருந்து நடுவரை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். செருப்பின் வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

அன்று மாலை தடியைக் கட்டிலுக்கடியில், அவள் கண்ணில் படும்படி தள்ளிவைத்தேன். எடுத்தாள். சிவப்புச் சட்டையைத் துவைத்து மடித்து, தடியோடு கொண்டுபோய் முதலாளி வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். பிறகு எனக்குச் சோறு போட்டாள்.

"ஸ்கூல்ல அந்தப் புள்ளைங்க கேட்டா, எங்கம்மா இனிமே போகமாட்டாங்கன்னு சொல்லிடு" என்றாள்.

எனக்கு ஒரே நிம்மதி. மாட்டிக்கொள்ளாமல் தப்பித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில் இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அந்தப் பெண்களைப் பற்றி நான் அவளிடம் சொன்னதே இல்லை என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.